ஆட்சி, ஆவணம், காட்சி: கார் கண்ணாடியில் ஒட்டிய சாட்சியின் கதை

கார் வைத்திருப்பவர்கள் இப்போ அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "டேஷ்கேம் போடணும். ஜி.பி.எஸ். இருக்கிறதா வாங்கலாமா, இல்லாததே போதுமா?" ஜி.பி.எஸ். இல்லாத சாதாரண கேமரா சில ஆயிரம் ரூபாயில் வந்துவிடும். அது படம் பிடிக்கும், ஓரத்தில் தேதியும் நேரமும் போடும், அவ்வளவுதான். வண்டி எந்த ஊரில் நிற்கிறது, என்ன வேகத்தில் போனது என்றெல்லாம் அதற்குத் தெரியாது. "அப்போ கோர்ட்டில் அது செல்லுமா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

கடைக்காரரிடம் கேட்டால் விலை அதிகமானதைத்தான் காட்டுவார். நாம் வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்போம். ஒரு சாட்சியை நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்க மனிதர்கள் எதைப் பார்த்தார்கள்? அந்தக் கதையைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெளிவாகும். சாட்சிக்கு இடம் தெரியாமல் இருப்பது பெரிய குறையே இல்லை. நேரம் தப்பாக இருப்பதும், மூலப் பதிவு அழிந்துபோவதும்தான் குறை.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு

தமிழில் சாட்சியம் பற்றிய பழைய வழக்கு ஒன்று பெரியபுராணத்தில் இருக்கிறது. எழுதிய சேக்கிழார் எங்கள் மாவட்டத்துக் குன்றத்தூர்க்காரர், 12ஆம் நூற்றாண்டு. கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கு" என்று நிற்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். திருவெண்ணெய்நல்லூர் சபையில் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். சபையார் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பக்திக் கதை என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை நீதிமன்ற நடைமுறையாகப் படித்துப் பாருங்கள். ஒரு வழக்கை நிரூபிக்க மூன்று வழிகள் அங்கே பேசப்படுகின்றன. ஆட்சி என்பது வழக்கம், அனுபவ பாத்தியதை. ஆவணம் என்பது எழுத்து. காட்சி என்பது நேரில் பார்த்த அயலாரின் சாட்சி. அதோடு இரண்டு நுணுக்கங்களும் வருகின்றன: மூலம் வேறு, நகல் வேறு, மூலமே ஆனாலும் அதை வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

டேஷ்கேம் பதிவு இந்த மூன்றில் எது? அது பார்த்ததைச் சொல்கிறது, அதனால் காட்சி. எழுதி வைத்திருப்பதால் ஆவணம். இந்த இரட்டைத் தன்மைதான் பின்னால் நீதிமன்றங்களுக்குத் தலைவலியாகப் போகிறது.

தேதி இல்லாத படத்துக்குத் தேதி கண்டுபிடித்த கதை

ஓடுகிற வண்டியின் முன்பக்கம் கேமராவை வைத்துத் தெருவைப் பிடிப்பது நேற்றைய யோசனை இல்லை. 1906இல் மைல்ஸ் சகோதரர்கள் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு கேபிள் டிராம் வண்டியின் முன்னால் கேமராவைக் கட்டி மார்க்கெட் தெருவைப் படமாக்கினார்கள். அடுத்த வருடம், 1907இல், வில்லியம் ஹார்பெக் என்பவர் கனடாவின் வான்கூவரிலும் விக்டோரியாவிலும் டிராம் வண்டியிலிருந்து இதே மாதிரி எடுத்தார். நோக்கம் வேடிக்கை காட்டுவதுதான், சாட்சி சொல்வது இல்லை. ஆனாலும் பார்வைக் கோணம் அச்சு அசல் இன்றைய டேஷ்கேம்.

சான்பிரான்சிஸ்கோ படத்தில் தேதி கிடையாது. அது 1905இல் எடுத்தது என்றே ரொம்ப காலம் நம்பினார்கள். டேவிட் கீன் என்ற திரைப்பட வரலாற்றாளர் சந்தேகப்பட்டார். படத்தில் தெரிந்த கார்களின் நம்பர் பிளேட்டுகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். அதில் சில 1906இன் தொடக்கத்தில்தான் பதிவானவை. தெருவில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அந்த நாட்களின் வானிலைச் செய்திகளைப் புரட்டினார். கடைசியில் படம் 1906 ஏப்ரலில் எடுத்தது, அதாவது ஏப்ரல் 18ஆம் தேதி அந்த நகரத்தையே தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்துக்குச் சில நாட்கள் முன்பு எடுத்தது என்று நிறுவினார்.

இதில் கவனிக்க வேண்டியது என்னன்னா, எங்கே எடுத்தது என்ற கேள்வியே யாருக்கும் வரவில்லை. தெருவைப் பார்த்தாலே தெரிகிறதே! தொல்லை கொடுத்தது "எப்போ" என்ற கேள்விதான். நூறு வருடம் கழித்தும் சாலைக் கேமராவின் நிலைமை அதுவேதான்.

ஜி.பி.எஸ். பிறகு வந்து ஒட்டிக்கொண்டது

1980களில் அமெரிக்கப் போலீஸ் வண்டிகளில் வி.எச்.எஸ். நாடாவோடு கேமராக்கள் வந்தன. குடித்துவிட்டு ஓட்டுபவர்களை நிறுத்தும்போது அவர்கள் தள்ளாடுவதைக் கோர்ட்டில் காட்ட வேண்டும் என்பது ஒரு காரணம். பின்னால் இன்னொரு காரணமும் சேர்ந்தது. தோல் நிறத்தைப் பார்த்து வண்டியை மடக்குகிறார்கள் என்ற புகார் போலீஸ் மேலேயே எழுந்தது. ஆக, ஒரே கேமரா போலீஸுக்கும் சாட்சி, போலீஸுக்கு எதிராகவும் சாட்சி.

அந்தக் கேமராக்களில் ஜி.பி.எஸ். இல்லை. ஜி.பி.எஸ். அமைப்பே 1995இல்தான் முழுமையாக இயங்கத் தொடங்கியது. பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வைத்திருந்தது. அந்தக் கட்டுப்பாடு நீங்கியது 2000 மே மாதத் தொடக்கத்தில். அதாவது இடம் காட்டாத கேமராதான் மூத்தது. இடம் காட்டுவது பிறகு வந்த சேர்மானம்.

ரஷ்யாவில் இந்தக் கேமராக்கள் பரவலான பிறகு, 2013 பிப்ரவரி 15 காலையில் செல்யாபின்ஸ்க் நகரத்தின் மேல் ஒரு விண்கல் வெடித்தது. அதை உலகத்துக்குக் காட்டியவை பெரும்பாலும் கார் கேமராக்கள். விஞ்ஞானிகள் இந்தப் படங்களையும் தெருக் கேமராப் பதிவுகளையும் வைத்து விண்கல் வந்த பாதையைக் கணக்கிட்டார்கள். படத்தில் தெரிந்த கட்டடங்கள் எவை, கேமரா நின்ற இடம் எது என்று தேடினார்கள். ஒரு குழு நகரச் சதுக்கத்து விளக்குக் கம்பங்களின் நிழல் எப்படி நகர்ந்தது என்று அளந்தே கணக்குப் போட்டது. வானத்திலிருந்து விழுந்த கல்லின் பாதைக்கே இது போதுமென்றால், வெள்ளை கேட் முனையில் ஒரு லாரி எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்வதற்குப் போதாதா?

படத்தின் கீழே ஒரு வரி

அப்படியென்றால் படம் மட்டும் இருந்தால் எல்லாம் ஆயிற்றா? இல்லை. அதற்குக் காஞ்சிபுரத்திலேயே உதாரணம் இருக்கிறது.

வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்று மண்டபச் சுவரில் வரிசையாகச் சிற்பப் பலகைகள். பல்லவர் வரலாறு முழுவதும் படக்கதை மாதிரி ஓடுகிறது. இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப் பிறகு 12 வயதுப் பையன் பல்லவமல்லனைத் தேடிக் கூட்டிவந்து இரண்டாம் நந்திவர்மனாக முடிசூட்டிய நிகழ்ச்சியும் அதில் உண்டு. சில பலகைகளின் அருகில் இது இன்ன காட்சி என்று சிறிய கல்வெட்டு வரிகள் இருக்கின்றன. வரலாற்றாய்வாளர் சி. மீனாட்சி அந்த வரிகளையும் செப்பேடுகளையும் சேர்த்துப் படித்து ஒவ்வொரு காட்சியையும் அடையாளம் கண்டார். அவர் 1940இல் மறைந்தார். அந்த ஆய்வு 1941இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது.

எழுத்து இல்லாத பலகையைப் பாருங்கள். ராஜா உட்கார்ந்திருக்கிறார், யானை நிற்கிறது, சண்டை நடக்கிறது. யார், எந்தச் சண்டை? ஊகம்தான். டேஷ்கேம் படத்தின் ஓரத்தில் ஓடுகிற நேரவரி, அந்தக் கல்வெட்டு வரி மாதிரி. அது சரியாக இருந்தால் மற்ற ஆதாரங்களோடு படத்தைக் கோத்துவிடலாம்.

சாதாரண கேமராவின் உண்மையான பலவீனமும் இங்கேதான். ஜி.பி.எஸ். இருக்கிற கேமரா செயற்கைக்கோளிலிருந்து நேரத்தையும் வாங்கித் தன்னைத் திருத்திக்கொள்ளும். இல்லாத கேமராவின் கடிகாரம் மெல்ல நகர்ந்துபோகும். வண்டி பல நாள் எடுக்காமல் நின்றால், உள்ளே இருக்கிற சிறிய பேட்டரி தீர்ந்து, என்றோ ஒரு ஜனவரி 1ஆம் தேதிக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. விபத்து நடந்தது இந்த வருடம், படத்தில் தேதி பல வருடம் முந்தியது என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா?

இதற்கு நம் ஊர் நெடுஞ்சாலையிலேயே மருந்து இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். நெமிலியிலோ சென்னசமுத்திரத்திலோ தடுப்புக் கட்டை தூக்குவது கேமராவில் பதிவாகிறது. அதே வண்டி கடந்த நேரம் ஃபாஸ்டேக் கணக்கிலும் ஏறுகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் கேமரா கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின் என்று தெரிந்துவிடும். நம்பர் பிளேட்டை வைத்து 1906ஐக் கண்டுபிடித்த அதே முறைதான். வெண்ணெய்நல்லூர் சபை கையெழுத்தை ஒப்பிட்டதும் இதேதான்.

வேகத்துக்கும் வழி உண்டு. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் நட்டிருப்பார்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 10 விநாடி ஆனால் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். 8 விநாடி என்றால் 90. விநாடிக்கு 30 படம் எடுக்கிற கேமராவில் அந்த 10 விநாடிக்கு 300 படங்கள் இருக்கும். ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்க்கலாம்.

நீதிமன்றம் என்ன கேட்கிறது?

இந்தியச் சாட்சியச் சட்டம் 1872ஆம் ஆண்டுடையது. டேப்ரிக்கார்டர் வந்தபோதே நீதிமன்றங்கள் யோசிக்கத் தொடங்கின. ஒலிநாடாவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1972இல் மல்கானி வழக்கில் சொன்னது. குரல் யாருடையது என்று தெரிய வேண்டும், இடையில் யாரும் கைவைத்திருக்கக் கூடாது, நாடா பத்திரமாக வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அடுத்தடுத்த தீர்ப்புகளில் விரிவாயின.

2000இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது சாட்சியச் சட்டத்தில் 65பி என்ற பிரிவு சேர்ந்தது. மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் ஒரு சான்றிதழும் வேண்டும் என்றது அது. அந்தச் சான்றிதழ் இல்லாமலும் சமாளிக்கலாம் என்ற நிலை 2005 தீர்ப்பால் வந்தது. 2014இல் அன்வர் வழக்கில் அது மாறி, சான்றிதழ் கட்டாயமானது. 2018இல் மறுபடி தளர்வு. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்து வைத்தது: நகல் என்றால் சான்றிதழ் வேண்டும், மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறிக் காட்டினால் வேண்டாம்.

கவனித்தீர்களா? மூல ஓலை, படியோலை!

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63ஆம் பிரிவில் சான்றிதழ் இரண்டு பகுதி. ஒன்றைப் பதிவைக் கொடுப்பவர் எழுத வேண்டும், இன்னொன்றை நிபுணர் எழுத வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பு என்று ஒன்றைக் குறிக்கச் சொல்கிறது. ஹாஷ் என்றால் கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். அதனால்தான் வாட்ஸப்பில் அனுப்பிய வீடியோ மூலத்துக்கு ஈடாகாது. அது அனுப்பும்போதே சுருங்கி வேறு கோப்பாகிவிடுகிறது.

இத்தனை நிபந்தனைகளில் ஜி.பி.எஸ். வேண்டும் என்று ஒன்றுகூட இல்லை.

இரண்டு லட்சமா, இருபத்துநாலு லட்சமா?

இதெல்லாம் ஏதோ சட்டப் பாடம் மாதிரி இருக்கே, நமக்கென்ன என்று தோன்றலாம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நிறையவே இருக்கிறது.

பழைய என்.எச். 4, இப்போது என்.எச். 48. சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கிற சாலை எங்கள் ஊரின் ஓரமாகப் போகிறது. ராஜகுளம், வெள்ளை கேட், கீழம்பி, பாலுச்செட்டி சத்திரம், தாமல் என்று ஊர்களை உரசிக்கொண்டு ஓடுகிறது. கன்டெய்னர் லாரிகள், விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றுகிற கம்பெனி பஸ்கள், கல்யாணப் பட்டு எடுக்க வருகிற கார்கள், நடுவே பாவு கட்டை எடுத்துக்கொண்டு டி.வி.எஸ். 50இல் போகிற நெசவாளி. கடைசியில் சொன்னவரிடம் கேமரா கிடையாது.

அவரை ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நம்பர் தெரியவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 161ஆம் பிரிவின் கீழ், அடையாளம் தெரியாத வண்டி இடித்து இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயம் என்றால் 50,000. 2022 ஏப்ரலுக்கு முன்பு இது வெறும் 25,000மும் 12,500மும்தான்.

நம்பர் தெரிந்தால்? 166ஆம் பிரிவின் கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வயது 35, மாத வருமானம் 12,000 என்று ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,44,000. சொந்தத் தொழில் செய்பவர், 40 வயதுக்குள் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,01,600. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழியும், மீதி 1,51,200. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கெண் 16. ஆக 24,19,200 ரூபாய். மற்ற தலைப்புகளில் வருவது தனி.

2 லட்சத்துக்கும் 24 லட்சத்துக்கும் நடுவே நிற்பது ஒரு நம்பர் பிளேட். அது பின்னால் வந்த யாரோ ஒருவரின் காரில், சில ஆயிரம் ரூபாய் கேமராவில் பதிவாகியிருக்கலாம். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கொலைக் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

ஆனால் அந்தப் பதிவுக்கு ஆயுசு குறைவு. விநாடிக்கு 15 மெகாபிட் வீதம் பதிவு செய்கிற கேமரா ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 6.75 ஜி.பி. எடுத்துக்கொள்ளும். 32 ஜி.பி. கார்டு ஐந்து மணி நேரத்துக்குள் நிறைந்து, பழையதன் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். அதிர்ச்சி உணரி கோப்பைப் பூட்டி வைக்குமே என்பீர்கள். அது தன் வண்டி இடிபட்டால்தான் பூட்டும். முன்னால் போன வண்டி யாரையோ இடித்ததற்கு அது அசையாது. காலையில் தாமல் அருகே நடந்ததைப் பார்த்த கார் பெங்களூரு போய்விட்டுத் திரும்பினால், அந்தச் சாட்சி காணாமல் போயிருக்கும். இடம் தெரியாததால் இழப்பது குறைவு. யாரும் நேரத்துக்குக் கேட்காததால் இழப்பது அதிகம்.

சாட்சி யாருடையது?

2023 ஜூலையில் வந்த ஹூண்டாய் எக்ஸ்டர் காரில் சில ரகங்களுக்கு டேஷ்கேம் தொழிற்சாலையிலேயே பொருத்தி வருகிறது. அது தயாராவது எங்கள் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில். இனி இது அதிகமாகத்தான் போகும். அப்போது ஒரு பழைய கேள்வி பெரிதாகும். ஓலையைக் கையில் வைத்திருப்பவர் யார்? கிழவர் கையில் மூலம் இருந்ததால் ஜெயித்தார். டேஷ்கேமில் மூலம் எப்போதும் கார்க்காரர் கையில். தனக்குச் சாதகம் என்றால் கொடுப்பார், பாதகம் என்றால் கார்டை அழிப்பது ஒரு பொத்தான் வேலை.

சட்டம் இதற்கு ஒரு கடிவாளம் வைத்திருக்கிறது. வாரணாசி விடுதி ஒன்றில் நடந்த மரணம் தொடர்பான வழக்கில், விடுதியின் சி.சி.டி.வி. பதிவை அரசுத் தரப்பு கொண்டுவரவில்லை. இருக்கிற நல்ல ஆதாரத்தை மறைத்தால் அது மறைத்தவருக்கு எதிரானது என்று கருத இடமுண்டு என்று சொல்லி, 2015இல் உச்ச நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. காரில் கேமரா இருந்தது, பதிவு மட்டும் வரவில்லை என்றால் அதே கேள்வியைக் கேட்கலாம். கேட்பதற்கு, கேமரா இருந்தது என்று பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் யாராவது கவனித்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. சாலையில் போகிற எல்லோரையும் காரணமில்லாமல் தொடர்ந்து பதிவு செய்வது தனியுரிமைச் சட்டப்படி தவறு, ஆனாலும் விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாகப் பார்க்கலாம் என்றது. தானே அழிந்துகொண்டு, தேவைப்படும்போது மட்டும் சேமிக்கிற கேமராவே மேல் என்பது அதன் பார்வை. அந்த அளவுகோலில் பார்த்தால் இடம் காட்டாத சாதாரண கேமராவுக்கு ஒரு மரியாதை உண்டு. அது சாலையைப் பார்க்கும். நீங்கள் எந்த டாக்டரிடம் போனீர்கள், எந்தத் தெருவில் எத்தனை நேரம் நின்றீர்கள் என்று ஆயத்தொலைவுகளோடு நாட்குறிப்பு எழுதாது.

ஆகவே, கேட்டவர்களுக்கு என் பதில்: இல்லாததே போதும். மிச்சமாகிற பணத்தில் இரவிலும் நம்பர் பிளேட் தெரிகிற லென்ஸாகப் பாருங்கள், கொஞ்சம் பெரிய கார்டாகப் போடுங்கள். நம் வெயிலில் உள்ளே பேட்டரி வைத்ததைவிட கெப்பாசிட்டர் வைத்தது தாங்கும். மாதம் ஒருமுறை கடிகாரத்தைச் சரிபாருங்கள். கண்ணெதிரே விபத்து என்றால், முதலில் 108. அதற்கடுத்து, கேமராவில் கோப்பைப் பூட்டுகிற பொத்தானை ஒரு அழுத்து. கார்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அடிபட்டவரின் ஆட்களிடமோ போலீஸிடமோ "என்கிட்ட வீடியோ இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். போலீஸ், கோர்ட்டு என்று அலைய விடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். அடிபட்டவருக்கு உதவியவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019 திருத்தமும் 2020 விதிகளும் சொல்கின்றன.

அயலார் காட்சி என்று சேக்கிழார் காலத்தில் சொன்னது ஊரில் பக்கத்தில் நின்றவரை. என்.எச். 48இல் பக்கத்தில் நிற்பவர் யாரும் இல்லை. எல்லோரும் 80, 90இல் போய்க்கொண்டிருப்பவர்கள். அந்த இடத்தில் அயலார் என்பது இப்போதைக்கு உங்கள் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற அந்தக் குட்டிக் கேமராதான்.